சுருள்வில் விசைப்பலகை: பழையதும் புதியதும்

இன்று பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் காணப்படும் விலை மலிவான விசைப்பலகை ஒன்றைத் திறந்து பார்த்தால், இயந்திரம் என்று சொல்லத்தக்க பொருள் எதுவும் அதனுள் இராது. ரப்பர் விரிப்பு ஒன்றில் சிறு சிறு குமிழ்கள் இருக்கும். அதற்குக் கீழே மெல்லிய நெகிழித் தாள்கள் இருக்கும். விசையை அழுத்தியதும் குமிழ் நசுங்கும். தாள்களில் உள்ள மின்சுற்று இணையும். திரையில் எழுத்துத் தோன்றும். ரப்பர் தளர்ந்துவிட்டால் அதைப் பழுதுபார்ப்பார் இல்லை. பலகை குப்பைக்குப் போய்விடும்.

1980களில் நிலைமை வேறாக இருந்தது. ஐபிஎம் நிறுவனம் 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தன் முதல் தனிநபர் கணினியை வெளியிட்டது. அதனுடன் 83 விசைகள் கொண்ட ‘மாடல் எஃப்’ விசைப்பலகை வந்தது. அக்காலத்து அலுவலக ஊழியர்கள் தட்டச்சுப் பொறியில் பழகியவர்கள். எழுத்து விழுந்ததை விரலும் காதும் உணர வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள். அந்த உணர்வைத் தருவதற்காகவே ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு சுருள்வில் வைக்கப்பட்டது.

அது இயங்கும் விதம் எளிமையானது. தென்னை ஈர்க்கு ஒன்றை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல்முனையை விரலால் அழுத்திப் பாருங்கள். சிறிது நேரம் தாங்கும். பிறகு சட்டென்று ஒரு பக்கமாக வளைந்துவிடும். சுருள்வில்லும் அப்படித்தான். முதலில் சுருங்குகிறது; ஓர் அளவுக்குமேல் நிற்க முடியாமல் பக்கவாட்டில் மடிகிறது. மடியும் அக்கணத்தில் ‘டக்’ என்ற ஓசை எழுகிறது. வில்லின் அடியில் உள்ள சிறு தகடும் அதே கணத்தில் சாய்கிறது. ஓசையும் விரல் உணர்வும் எழுத்தும் ஒரே நேரத்தில் நிகழ்வதே இதன் சிறப்பு. இவ்வமைப்புக்காக ஐபிஎம் பொறியாளர் ரிச்சர்ட் ஹாரிஸ் 1978ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார்.

மாடல் எஃப் பலகையில் தகடு எந்த மின்கம்பியையும் தொடுவதில்லை. அது அசையும்போது கீழே உள்ள மின்சுற்றுப் பலகையில் மின்தேக்கத்தின் அளவு மாறுகிறது. அம்மாற்றத்தைக் கருவி உணர்ந்துகொள்கிறது. ஆகவே, எத்தனை விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினாலும் அத்தனையையும் அதனால் தனித்தனியே அறிய முடியும். ஆனால், தயாரிப்புச் செலவு அதிகம். எனவே, 1985ஆம் ஆண்டு ‘மாடல் எம்’ வந்தது. வில் அப்படியே இருந்தது. மின்சுற்றுப் பலகைக்குப் பதிலாக நெகிழித் தாள்கள் இடம்பெற்றன. மேல்வரிசையில் பணி விசைகள், வலப்புறத்தில் எண் விசைகள் என இன்று நாம் காணும் அமைப்பைப் பரப்பியது இந்தப் பலகைதான்.

இப்பலகைகள் அழியாதவை என்று ஆர்வலர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. மாடல் எம் பலகையின் எடை ஏறத்தாழ இரண்டு கிலோகிராம். உள்ளே இரும்புத் தகடும் உண்டு. ஆயினும், அந்தத் தகட்டை நெகிழிச் சட்டத்தோடு பிணைத்திருப்பவை, உருக்கி ஒட்டிய சிறு நெகிழி ஆணிகளே. முப்பது, நாற்பது ஆண்டுகளில் அவை ஒவ்வொன்றாக முறிகின்றன. தகடு தளர்ந்ததும் விசைகள் ஒரே சீராக இயங்குவதில்லை. பழுதுபார்ப்பவர் முறிந்த ஆணிகளை அகற்றி, துளையிட்டு, சிறு திருகாணிகளைப் பொருத்த வேண்டும். இதற்குப் பல மணி நேரம் ஆகும். மாடல் எஃப் பலகையிலோ உலோகத் தகடுகளுக்கு இடையே உள்ள நுரைப்பஞ்சு பொடிப்பொடியாக உதிர்கிறது. இவற்றோடு பழைய இணைப்பான் இன்றைய கணினியில் பொருந்துவதில்லை. மாற்றி ஒன்று தேவைப்படுகிறது.

இந்நிலையில்தான் புதிய தயாரிப்புகள் கைகொடுக்கின்றன. ஐபிஎம் நிறுவனத்தின் விசைப்பலகைப் பிரிவு 1991ஆம் ஆண்டு லெக்ஸ்மார்க் நிறுவனத்திடம் சென்றது. 1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள யூனிகாம்ப் நிறுவனம் அந்தத் தொழில்நுட்பத்தையும் கருவிகளையும் வாங்கியது. அதனால், அது விற்கும் மாடல் எம் பலகையைப் பிரதி என்று சொல்வதைவிட, அறுபடாத தொடர்ச்சி என்று சொல்வதே பொருந்தும். யூஎஸ்பி இணைப்பும், பழைய பலகையில் இல்லாத ‘விண்டோஸ்’ விசையும் இதில் உண்டு. ஆனால், வார்ப்பு அச்சுகளும் முதுமை அடைந்தன. அச்சு தேய்ந்தால் உறையின் விளிம்பு பிசிறும். பாகங்கள் இறுக்கமாகப் பொருந்தா. ஆகவே, 2020ஆம் ஆண்டையொட்டிப் புதிய அச்சுகள் செய்யப்பட்டன. பல விசைகளை ஒருசேர அழுத்தினால் சிலவற்றைத் தவறவிடும் பழைய குறை மட்டும் இன்னும் தீரவில்லை. நெகிழித் தாள் இருக்கும்வரை அது தொடரவே செய்யும்.

மாடல் எஃப் பலகையின் கதை வேறு. அதன் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் கடந்தன. தொழிற்சாலையும் இல்லை, அச்சுகளும் இல்லை. 2010களில் அமெரிக்க ஆர்வலர் ஒருவர் அதை மறுபடியும் செய்ய முற்பட்டார். ஒரு காலத்தில் வங்கிகளில் பயன்பட்ட சிறிய மாடல் எஃப் பலகைகள் அதற்கு முன்மாதிரியாயின. வில், தகடு, உலோக உறை ஆகிய அனைத்தும் புதிதாகச் செய்யப்பட்டன. வில்லின் நிலை சிறிதளவு பிசகினாலும் விசையின் ஓசை மங்கிவிடும். எனவே, பலகையை வாங்கியவரே அதைச் செங்குத்தாக நிறுத்தி, சில விசைகளைக் கழற்றி மாட்டிச் சரிசெய்ய நேர்வதுண்டு. விலையும் சில நூறு அமெரிக்க டாலர். மாணவருக்கு எளிதில் எட்டும் தொகையன்று இது.

விரலுக்கு எது இதம்? நன்கு பேணப்பட்ட பழைய மாடல் எஃப்பை ஒருமுறை தட்டியவர்கள், மாடல் எம் சற்றுக் கடினமாகவும் மந்தமாகவும் இருப்பதாகக் கூறுவர். பழையதோ புதியதோ, இரண்டின் ஓசையும் பக்கத்து மேசைக்காரரின் பொறுமையைச் சோதிக்கும் என்பதில் ஐயமில்லை. அன்றாடப் பயன்பாட்டுக்குப் புதியதே ஏற்றது; அதற்கு மாற்றியும் வேண்டா, திருகாணியும் வேண்டா. அதற்காகப் பழையதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மாடல் எஃப் பிரதிக்கெனச் செய்யப்பட்ட வில்லும் தகடும் உதிரிப் பாகங்களாகவும் விற்கப்படுகின்றன. 1980களின் பலகையில் உடைந்துபோன பாகத்தின் இடத்தில் அவற்றைப் பொருத்திக்கொள்ளலாம்.