கண்வலிக்கிழங்கு: வயலிலிருந்து மருந்தாலைக்கு

இலக்கியம் காந்தள் என்றும் உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்றும் வழங்கும் கொடி, தமிழ்நாட்டின் மாநில மலராக இருப்பதோடு, மருந்துத் தொழிலுக்கு மூலப்பொருள் தரும் பணப்பயிராகவும் விளங்குகிறது. மூலனூர், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் முதலிய வறண்ட பகுதிகளில் இது பயிரிடப்படுகிறது. கலப்பை போன்று கவைத்த கிழங்கு நடவுக்குப் பயன்பட, ஏற்றுமதிக்கும் ஆலைக்கும் முதன்மையாகச் செல்வது விதையே ஆகும். பூவின் சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக வெளிப்புறம் மடங்கியிருப்பதால் மகரந்தம் தானாகச் சூல்முடியைச் சேர்வது அரிது. ஆகவே, காய்ப்பிடிப்பை உறுதிசெய்ய உழவர்கள் காலை வேளையில் ஒவ்வொரு பூவிலும் கையால் மகரந்தச் சேர்க்கை செய்கின்றனர்.

விதையின் மதிப்பு அதிலுள்ள கால்ச்சிசின் என்னும் ஆல்கலாய்டைச் சார்ந்தது. ஆல்கலாய்டு என்பது நைட்ரஜன் அடங்கிய, சிறிதளவிலேயே உடலில் வலுவாக வினைபுரியும் தாவர வேதிப்பொருளாகும். 1820ஆம் ஆண்டில் பெல்லத்தியே, காவந்து என்னும் பிரெஞ்சு வேதியியலாளர்கள், காந்தளின் உறவுத் தாவரமான ஐரோப்பியக் கால்ச்சிக்கத்திலிருந்து இதனை முதலில் பிரித்தெடுத்தனர். ஆலையில் விதையைப் பொடித்து, கொழுப்பை நீக்கி, ஆல்கஹால் போன்ற கரைப்பானில் ஊறவைத்துச் சாறு இறக்கி, அதனைச் செறிவாக்கிப் பலமுறை தூய்மைப்படுத்திய பின்னரே மருந்துத் தரத்திலான கால்ச்சிசின் கிடைக்கிறது.

உயிரணுவினுள் டியூபுலின் என்னும் புரதம் ஒன்றோடொன்று கோத்து நுண்குழல்களாக அமைகிறது. உயிரணுவின் அசைவுக்கும் பிரிவுக்கும் இக்குழல்கள் இன்றியமையாதவை. கால்ச்சிசின் டியூபுலினுடன் பிணைந்து அக்கோப்பைத் தடுப்பதால், யூரிக் அமிலப் படிகங்கள் தேங்கிய மூட்டை நோக்கி வெள்ளையணுக்கள் திரள்வது குறைந்து, கவுட் என்னும் மூட்டுவாத வீக்கம் தணிகிறது. விதையிலுள்ள மற்றொரு பொருளான கால்ச்சிகோசைடிலிருந்து, தசை இறுக்கத்தைத் தளர்த்தும் தயோகால்ச்சிகோசைடு தயாரிக்கப்படுகிறது. பயிர்ப்பெருக்க அறிவியலிலும் கால்ச்சிசினுக்கு இடமுண்டு: உயிரணுப் பிரிவை இடையில் நிறுத்திக் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் இதன் ஆற்றலே விதையில்லாத் தர்ப்பூசணி உருவாக அடிப்படையாயிற்று.

எனினும், இதே பண்பு அளவு மீறும்போது குடல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் உயிரணுக்களைத் தாக்கி உயிரையே பறிக்கும். மாத்திரையில் அரை மில்லிகிராம் அளவே இடம்பெறுவது இதனால்தான். கிழங்கிலோ விதையிலோ உள்ள நஞ்சின் அளவைக் கண்ணால் மதிப்பிட இயலாது. எனவே, ஆலையின் பணி மருந்தைப் பிரித்தெடுப்பதோடு முடிவதில்லை. அளவை உறுதிசெய்வதும் அதன் பணியே. அந்த அளவு தெரியாத கைவைத்தியத்துக்கு இத்தாவரம் ஒருபோதும் உரியதன்று.