புயல் இரவுக்கு முக்கால் யூனிட்

2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. இப்படிப்பட்ட இரவுகளில் காற்று வேகமெடுக்கும் முன்பே பாதுகாப்புக்காகக் கரண்டை நிறுத்திவிடுவார்கள். 1980-களிலிருந்து மின்சாரம் தரும் கல்பாக்கம் அணுமின் நிலையம் பக்கத்திலேயே இருந்தாலும், தெருக்கம்பத்தில் மரம் சாய்ந்தால் வீடு இருட்டுதான். மரத்தை அறுத்து, கம்பம் நட்டு, கம்பி இழுத்து முடிக்கும்வரை இன்வெர்ட்டர் பேட்டரிதான் துணை.

அதில் எவ்வளவு இருக்கிறது? பெரும்பாலான வீடுகளில் இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். ஆனால் ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். மிச்சமுள்ள 900-இலும் இன்வெர்ட்டர் கொஞ்சம் விழுங்கும். கைக்கு வருவது சுமார் முக்கால் யூனிட். புதிய பேட்டரிக்கே இந்தக் கணக்கு. நாலைந்து வருடம் உழைத்ததென்றால் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தின்பது விளக்கு அல்ல. 9 வாட் எல்.இ.டி. பல்பை இரவெல்லாம் எரித்தாலும் 100 வாட்-மணிதான். ஃபேன்தான் பெரிய செலவாளி. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். அது ஒன்றே 10 மணி நேரத்தில் எல்லாவற்றையும் தீர்த்துவிடும். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 20 மணி நேரத்துக்கு மேல் வரும். புயலுக்கு ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், இரண்டாவது பேட்டரியைவிட இந்த ஃபேனையே நான் சொல்வேன். எல்லாரும் ஒரே அறையில் படுத்தால் ஒரு ஃபேன் போதும்.

பலர் கவனிக்காத கசிவு ஒன்று உண்டு. எதுவும் ஓடாவிட்டாலும் இன்வெர்ட்டரே 10 வாட் அளவில் எடுத்துக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு 240 வாட்-மணி. பகலில் தேவையில்லாத நேரம் அதை அணைத்தே வையுங்கள். போன்களைத் தனித்தனியாகப் போடாமல் ஒரே நேரத்தில் சார்ஜ் செய்து முடியுங்கள். ஃபிரிஜ், மிக்சி, மோட்டார் மூன்றையும் மறந்துவிடுங்கள். தொட்டியைப் புயலுக்கு முன்பே நிரப்பிவிட வேண்டும்.

இன்வெர்ட்டர் காட்டும் கோடுகளை நம்பாமல் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். லோடு இல்லாமல் ஒரு மணி நேரம் ஓய்ந்த பிறகு 12.7 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சோலார் இருந்தாலும் மேகம் மூடிய நாளில் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

கடலோரம் வேனில் தங்குபவர்களுக்கும் இதே கணக்குதான். 12 வோல்ட் விளக்கும் ஃபேனும் நேராக பேட்டரியில் ஓடுவதால் இன்வெர்ட்டர் இழப்பு மிச்சம். வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியை மட்டும் இதற்குத் தொடவே கூடாது. அது ஆழமாக இறங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல.

உப்புக்காற்றில் டெர்மினல்கள் சீக்கிரம் பூத்துப்போகும். ஐப்பசி பிறக்கும் முன்பே துடைத்து வாசலின் தடவி, டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பார்த்துவிடுங்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். மழைக்காக ஜன்னலை அடைத்த அறையில் அதன் பக்கத்தில் மெழுகுவத்தி வேண்டாம். கரண்ட் வந்ததும் முழுதாக ஏறும்வரை விடுங்கள், 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதியில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகும். அடுத்த புயலுக்கு அந்த முக்கால் யூனிட்கூட இருக்காது.