ஒற்றை அடுப்பும் ஒரு பாத்தியும்

முருங்கனிற் குடியேறிய முதல் மாரியில், வளவுக்குள் இறங்கிய என் செருப்பொன்றை மண் பிடுங்கிக்கொண்டது. இவ்வூர்க் கரிய களியின் இயல்பு அத்தகையது. மழையில் நீரை உண்டு பருத்துப் பசையாகும்; கோடையிற் சுருங்கிக் கை நுழையுமளவு வெடிக்கும். நெல்லுக்கு அது உவந்த மண். அருவியாற்றைத் தேக்கம் அணையில் மறித்துக் கட்டுக்கரைக் குளத்திற் சேர்த்த நீர் இவ்வயல்களை ஊட்டுகின்றது. ஆயினும் சந்தையில் நாம் வாங்கும் கத்தரிக்காய் பெரும்பாலும் தம்புள்ளையிலிருந்து பாரவூர்தி ஏறி வந்ததே. அதிலும் கால் கிலோவுக்குக் குறைத்துக் கேட்கும் தனியனைக் கண்டால் வணிகர் முகம் சுளிப்பர்.

2022ஆம் ஆண்டில் அப்பாரவூர்திகளும் அருகின. முந்திய ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டதால் விளைச்சல் வீழ்ந்திருந்தது. இப்போது எரிபொருளும் இல்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யவெனச் சூன் மாதத்தில் வெள்ளிதோறும் விடுமுறை அறிவித்தனர். கல்வித்துறை அதனுள் அடங்கவில்லை. ஆனால் எரிபொருளின்மையாற் பள்ளிகளே மூடப்பட்டமையின், எமக்கு எல்லா நாளும் வெள்ளியாயிற்று.

சிறுபாணாற்றுப்படையில் வறிய கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கொய்து, உப்புமின்றி வேகவைத்து, பிறர் காணாவண்ணம் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். அப்பகுதியைப் பல்லாண்டு கற்பித்தவன் நான். கீரைக்கும் உப்புக்கும் உரை கூறுவேன். கதவை விரைந்து கடந்துவிடுவேன். வெறுஞ்சோற்றுக் கோப்பையோடு இருந்த ஒரு நண்பகலில், படலையில் யாரோ அழைக்க, எழுந்து சென்று கதவைச் சாத்தினேன். சாத்திய பின்னரே அவள் நினைவு வந்தது.

மறுநாளே மண்வெட்டி எடுத்தேன். இம்மண்ணில் அதற்கும் நாள் பார்க்க வேண்டும். மிக நனைந்தால் மண்வெட்டியில் ஒட்டும். மிக உலர்ந்தால் மண்வெட்டியைத் தெறித்து எறியும். அண்டை வீட்டுப் பெரியவர் சொற்படி, நிலத்தைக் கொத்தாமல் அதன்மேல் முழங்கால் உயரத்திற்குப் பாத்தி எழுப்பினேன்: மாட்டெரு, உமி, சருகு, கொஞ்சம் களி. மேலே வைக்கோல் மூடாக்கு. அரிசி களைந்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் போதுமானவையாயின. ஆனியில் முளைக்கீரை மட்டுமே விதைத்தேன். நான்கு வாரத்திற் கறிச்சட்டி ஏறியது. கத்தரி, கொச்சி, பயிற்றை ஆகியவற்றை ஐப்பசி மழைக்கென வைத்திருந்தேன். ஊர்ப்பெயரைச் சொல்லி மாணாக்கர் நகைப்பதால் முருங்கையும் நட்டேன். மொரிங்கா என்னும் தாவரவியற் பெயர் நம் முருங்கையிலிருந்து பிறந்ததென்பதை அவர்க்குச் சொல்லும் வாய்ப்பை விடுவேனா? தேங்குநீரில் அதன் வேர் அழுகுமாதலால் மூலையில் மண்மேடு குவித்து ஊன்றினேன். முதற்கொம்பை ஆடு தின்றது. இரண்டாவது வேர்கொண்டது.

கணக்கில் மட்டும் தவறினேன். ஒருவனுக்கு மூன்று கத்தரிச் செடி தாராளம். பசியின் நினைவில் நான் நட்டவையோ பதினாறு! தை மாதத்தில் அவை ஒருங்கே காய்த்தன. வாட்டியும் வதக்கியும் பாற்கறி வைத்தும் கூடை குறையவில்லை. வெட்கத்தோடு வேலிக்கு மேலால் நீட்டினேன். மறுபுறமிருந்து மோரும் ஒருமுறை மீன்குழம்பும் வந்தன.

விடுமுறைக்கு ஊர் சென்றால் நீர் விடுவார் யார் என்பதே தனியன் தோட்டத்தின் பெரும் வினா. இப்போது படலையைப் பூட்டாமலே செல்கிறேன். கடந்த சித்திரையில், பேருந்தில் இருக்கையில், அண்டை வீட்டுப் பெரியவரின் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள்.

“மாஸ்டர், பயித்தங்காய் முத்துது. ஆயட்டோ?”

“ஆய்ந்து சமையுங்கள், பிள்ளை. விதைக்கு மட்டும் நாலு காயைக் கொடியில் விட்டுவிடு.”