கடலில் பிறந்த நிலமும் மலையில் கிடைக்காத உறுதியும்

2014 செப்டெம்பர் 17ஆம் திகதி சீன ஜனாதிபதி சி ஜின்பிங்கும் அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்‌ஷவும் கொழும்பு துறைமுக நகரப் பணிகளை ஆரம்பித்து வைத்தனர். சரியாக ஆறு வாரங்களின் பின்னர், ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்ட லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. எனினும் இந்நாட்டில் நிலம் எவ்வாறு ஒருவருக்கு உரித்தாகின்றது என்பதை அறிய இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியுள்ளது.

காலிமுகத்திடலை அண்டிய கடலில் மணல் நிரப்பி 269 ஹெக்டேயர் நிலம் உருவாக்கப்பட்டது. 2019இல் அது கொழும்பு மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. 2021 மே மாதம் அதற்கெனத் தனியான பொருளாதார ஆணைக்குழுச் சட்டம் நிறைவேறியது. 20 ஹெக்டேயரைச் சீன நிறுவனத்திற்குச் சொந்தமாகவே வழங்கவிருந்த முதல் உடன்பாடு 2016இல் 99 வருடக் குத்தகையாகத் திருத்தப்பட்டது. ஆக, அந்த 'ஸ்மார்ட்' நகரில் ஒருவரேனும் குடியேறும் முன்னரே எல்லை, வரைபடம், சட்டம், குத்தகைக் காலம் யாவும் வந்துவிட்டன. முதலீட்டாளருக்கு இவ்வுறுதிப்பாடு அவசியமே. அதில் நாம் குறை காணவில்லை.

ஊவாத் தோட்டங்களின் நிலையோ வேறு. 1970களில் அரசுடைமையான தோட்டக் காணிகளின் பெரும்பகுதி 1992இல் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு மாறியது. குத்தகை 2045 வரை நீள்கின்றது. காணி அரசினது, குத்தகை கம்பனியினது, தலைமுறைகளாக லயனில் வாழ்பவருக்கோ இரண்டிலும் இடமில்லை. அவர் ஒரு துண்டுக் காணி பெறுவதற்குக் கம்பனி நிலத்தை விடுவிக்க வேண்டும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமில்லை எனச் சான்றளிக்க வேண்டும், நில அளவை நடைபெற வேண்டும். வீடு கட்டி முடிந்தும் உறுதி வந்து சேராத திட்டங்கள் மலையகத்தில் உண்டு.

மீரியபெத்த மக்கள் 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தனர். ஏன் வெளியேறவில்லை என்று அன்று பலர் கேட்டனர். விற்கவோ அடகு வைக்கவோ ஒரு துண்டு நிலமும் இல்லாதவர்கள் எங்கே செல்வது?

உறுதி எல்லாவற்றையும் காத்துவிடும் என்பதற்கில்லை. 2010 மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் உறுதி வைத்திருந்தோரின் வீடுகளும் நகர அபிவிருத்தியின் பெயரால் தரைமட்டமாயின. ஆயினும் உறுதியுள்ளவர் வழக்காடலாம், நட்டஈடு கோரலாம். லயன்வாசியின் கையில் என்ன இருக்கின்றது?

2025 ஒக்டோபர் 12ஆம் திகதி பண்டாரவளையில், இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் 2,000 பயனாளிகளுக்கு வீட்டுரிமை ஆவணங்கள் வழங்கப்பட்டன. அடுத்த மாதமே டித்வா புயல் பதுளையின் மலைச்சரிவுகளைப் புரட்டிப் போட்டது. இத்தகைய ஆவணம் பெறுவோர் அதில் நில அளவை வரைபட இலக்கம் உள்ளதா, காணிப் பதிவகத்தில் அது பதியப்பட்டுள்ளதா, வங்கி அதனை ஏற்குமா என்பவற்றை இப்போதே விசாரித்தறிவது நல்லது.