லாரி யந்திரத்தை மாற்றியமைப்பதால் பயன் உண்டா?

தை பிறந்து சம்பா அறுவடை மும்முரமாகிவிட்டால், நெல் மூட்டைகளைக் களத்திலிருந்து கொள்முதல் நிலையத்திற்கும் அங்கிருந்து கிடங்கிற்கும் ஏற்றிச் செல்லும் லாரிகளுக்குக் காவிரி டெல்டாவில் ஓய்வு என்பது இராது. சொந்தத்தில் லாரி வைத்து வாடகைக்கு விடும் மிராசுதார்களிற் சிலர், யந்திரத்தின் சக்தியைப் பெருக்கும் என்றும் டீசல் செலவைக் குறைக்கும் என்றும் சொல்லி விற்கப்படும் துணைக் கருவிகளில் நாட்டம் கொள்கின்றனர். யந்திரத்தை ஆளும் கணினிப் பெட்டியின் அமைப்பை மாற்றுதல், புகைக்குழாயை மாற்றுதல், எண்ணெய்க் குழாயில் காந்தம் கட்டுதல் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் எது மெய், எது வெறும் விளம்பரம் என்று பிரித்தறிதல் அவசியமாகும்.

யந்திரத்தை மாற்றியமைக்கும் வழக்கம் இந்நாட்டிற்குப் புதியதன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-ல் பெட்ரோலுக்குப் பங்கீடு ஏற்பட்ட பின்னர், பஸ்களும் லாரிகளும் கரிவாயுவில் ஓடத் தலைப்பட்டன. மதுரை டி.வி.சுந்தரம் ஐயங்கார் கம்பெனியார் அக்காலத்தில் இதற்கெனக் கரிவாயுச் சாதனம் ஒன்றை அமைத்து விற்றனர். இத்தகைய சாதனத்தில் அடுப்புக்கரியைப் போதிய காற்றின்றி எரித்தால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் எரியக்கூடிய வாயு உண்டாகும். அதைக் குளிரச் செய்து, சாம்பலும் தூசியும் போக வடிகட்டி, காற்றோடு கலந்து யந்திரத்திற்குள் செலுத்துவர். ஆனால் அவ்வாயுவில் ஏறத்தாழப் பாதி எரியாத நைட்ரஜன். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை ஒரு கன மீட்டருக்குத் தரும் வெப்பத்தில், கரிவாயுக் கலவை சுமார் மூன்றில் இரண்டு பங்கே தரும். அதன் தீ மெதுவாகப் பரவுவதும், வாயு வடிகட்டிகளின் வழியே தடைப்பட்டு வருவதும் சேர்ந்து, யந்திரத்தின் சக்தி பாதியளவு வரையிற்கூடக் குறைவதுண்டு. காலையில் வண்டியைக் கிளப்புமுன் காற்றாடியைக் கையாற் சுற்றித் தணலை ஊத வேண்டியிருந்தது. மேடு கண்டால் வண்டி திணறியது. அப்படியிருந்தும் அம்மாற்றம் வீண் என்று எவரும் சொல்லார். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் நிற்க வேண்டிய வண்டியை அது ஓட வைத்தது. போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் அச்சாதனங்கள் கழற்றி எறியப்பட்டன என்பதும் கவனிக்கத்தக்கது.

இக்காலத்து டீசல் லாரியில் நிலைமை வேறு. கணினிப் பெட்டியின் அமைப்பை மாற்றி அதிக எண்ணெயும் அதிகக் காற்றழுத்தமும் செலுத்தினால் குதிரைச் சக்தி கூடுகிறது என்பது உண்மையே. சக்தி எரியும் எண்ணெயிலிருந்து வருவதேயன்றிப் பெட்டியிலிருந்து வருவதன்று. அவ்வெண்ணெய் முழுதும் எரியப் போதிய காற்று இல்லாவிடில் மிச்சம் கரும்புகையாக வெளிப்படும். வெப்பம் மிகுந்து பிஸ்டனும் டர்போவும் கெடும். கிளட்சும் கியர்ப் பெட்டியும் பழைய முறுக்கு விசைக்கெனவே செய்யப்பட்டவை; கூடுதற் சுமையை அவை நெடுநாள் தாங்கமாட்டா.

மேலும், அச்சக்தி டெல்டாவிற்கு வேண்டுமா என்பதே முதற் கேள்வி. மொத்த எடை 18½ டன் உள்ள இரண்டச்சு லாரி, சமமான தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடச் சக்கரத்தில் சுமார் 40 குதிரைச் சக்தி போதும். அதன் யந்திரமோ அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் தரவல்லது. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரையில் மலையேற்றம் என்பதே இல்லை. குறுகலான வாய்க்காற் பாலங்களிலும் கடைத்தெருக்களிலும் வேகத்திற்கும் இடமில்லை. கொல்லிமலை ஏறும் லாரிக்குச் சொல்லப்படும் நியாயம் திருத்துறைப்பூண்டிக்குப் பொருந்தாது. லாரி நாள் கணக்கில் தாமதிப்பது சாலையிலன்று, கொள்முதல் நிலைய வாசலில்.

காந்தங்களைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. எண்ணெயை மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தார் ஆராய்ந்ததில், குறிப்பிடத்தக்க மிச்சம் தருவது ஒன்றேனும் அகப்படவில்லை.

சட்டத்தையும் கருத வேண்டும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியை அதன் பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளரின் அமைப்பினின்றும் வேறுபடுமாறு மாற்றலாகாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே உறுதி செய்தது. அதே வருஷத்துத் திருத்தத்தின்படி, விதிக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரையில் சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அங்கீகாரம் பெற்ற சாதனத்தைக் கொண்டு வேறு எரிபொருளுக்கு மாற்றிக்கொள்வது நிபந்தனைகளுடன் அனுமதிக்கப்படுகிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் ஈடு பெறுவதிலும் தகராறு வரக்கூடும்.

2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பாரத் ஆறாம் படி விதிக்கு உட்பட்ட லாரிகள் பலவற்றில், புகையைச் சுத்திகரிக்க யூரியாக் கரைசல் ஊற்றும் தனித் தொட்டி உண்டு. இதில் விவசாயிகள் மிக எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். வீட்டிலுள்ள யூரியா மூட்டையைப் பிரித்துத் தண்ணீரிற் கரைத்து ஊற்றினாற் போயிற்று என்று எண்ணுவோர் உளர். அக்கரைசல் 32.5 சதவீத யூரியாவைத் தூய நீரிற் கரைத்துச் செய்வது. வயலுக்கு வரும் யூரியாவிலோ வேப்பெண்ணெய்ப் பூச்சும் வேறு கலப்புகளும் உண்டு. அவை தெளிப்பு ஊசியை அடைத்துச் சுத்திகரிப்புக் கலத்தைப் பாழாக்கும். அதைப் புதிதாக மாற்றும் செலவு பெரிது. மானிய உரத்தைப் பயிரல்லாத காரியத்திற்குச் செலவிடுவது உரக் கட்டுப்பாட்டு ஆணைக்கும் விரோதம்.

செலவைக் குறைக்க விரும்புவோர் டயர்களின் காற்றழுத்தத்தை வாரம் ஒரு முறை சோதிப்பதும், அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசி அடையும் காற்று வடிகட்டியை உடனுக்குடன் மாற்றுவதும் நலம். அப்பாலும் ஏதேனும் கருவி வாங்கித்தான் ஆகவேண்டும் என்று தோன்றினால், பணம் கொடுக்குமுன் ஒரு பரீட்சை செய்யலாம். தொட்டியை வாய்வரை நிரப்பி, ஒரே டிரைவரைக் கொண்டு, ஒரே சுமையோடு, ஒரே வழியில் கருவியின்றி மும்முறையும் கருவியோடு மும்முறையும் ஓட்டி, ஒவ்வொரு முறையும் திரும்ப நிரப்பிய லிட்டரைக் குறித்துக்கொள்க. கருவி விற்போர் இதற்கு இசையாவிடில் வண்டியை அவர்களிடம் விட வேண்டாம்.