"நான் ஜே, அப்பா"

போன வருடம் செப்டம்பரில் ஒரு நாள். ஸ்கூல் விட்டு வந்த மகளிடம், பக்கத்து வீட்டுப் பெண் படிக்கும் கதைப்புத்தகத்தை நாமும் லைப்ரரியில் எடுக்கலாமா என்று கேட்டேன். "அது எனக்கு இல்லப்பா. அது எம். நான் ஜே" என்றாள். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு, ஏழு வயது.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்களுக்கு இந்த எழுத்துகள் பழக்கமாக இருக்கும். ஐரீன் ஃபவுண்டஸ், கே சூ பின்னெல் என்ற இரண்டு பேராசிரியர்கள் புத்தகங்களை ஏ முதல் இசட் வரை கடின வரிசையில் பிரித்தார்கள். சில பள்ளிகளில் எழுத்துக்குப் பதில் லெக்ஸைல் எண் இருக்கும், பிரிட்டனில் நிறம் இருக்கும். எந்தப் புத்தகத்தை வைத்துச் சொல்லித்தருவது என்று டீச்சர் முடிவு செய்ய உதவும் கருவி இது, பிள்ளையின் மேல் ஒட்டுகிற லேபிள் இல்லை என்று அந்த இருவருமே சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்கப் பள்ளி நூலகர்கள் சங்கமும் நூலகப் புத்தகங்களில் லெவல் ஒட்டக்கூடாது என்கிறது. யார் எந்த லெவல் என்பது பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறதே!

ஆனால் என் மகளின் வகுப்பில் எழுத்து ஒட்டிய பிளாஸ்டிக் கூடைகள் வரிசையாக இருந்தன. அவளுக்கு ஜே கூடை. அந்த வயதுக்கு ஜே ஒன்றும் மோசமில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், எம் கூடைக்குக் கை நீட்டக்கூடாது என்பதுதான்.

பள்ளியை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. ஒரு எண்ணை அளவுகோலாக வைத்தால் எல்லாரும் எண்ணைத்தான் சரிசெய்வார்கள், வேலையை அல்ல. சாஃப்ட்வேர்காரனுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்தும், "கே எப்போ வரும்?" என்று ஒவ்வொரு பேரண்ட்-டீச்சர் மீட்டிங்கிலும் கேட்டேன். தினமும் இருபது நிமிடம் வாசிக்க வேண்டும், நான் கையெழுத்துப் போட வேண்டும். டைமரை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பிப்ரவரியில் கே வந்தது. அதே வாரம் அவள் சொன்னாள்: "நான் ரீடர் இல்லப்பா. எனக்குப் படிக்கத் தெரியும், அவ்ளோதான்."

இந்த வருடம் மூன்றாம் வகுப்பு, வேறு டீச்சர். முதல் வாரம் டெஸ்ட் வைக்கவில்லை, ஒரு தாள் கொடுத்தார். உனக்கு எங்கே உட்கார்ந்து படிக்கப் பிடிக்கும்? பாதியில் விட்ட புத்தகம் எது, ஏன்? வகுப்பு அலமாரியில் கூடைகளுக்கு எழுத்து இல்லை. பேய்க்கதை, விலங்கு, சிரிப்பு என்று தலைப்புதான். பிடித்ததை எடுக்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பி வைக்கலாம். டீச்சர் ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து உட்கார்ந்து, என்ன படிக்கிறாய் என்று சில நிமிடம் பேசுவார். இது ஒன்றும் புது யோசனை இல்லை. மெய்ன் மாநிலத்தில் நான்சி அட்வெல் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். 2015-இல் பத்து லட்சம் டாலர் உலக ஆசிரியர் பரிசு முதல் முறையாக வழங்கப்பட்டபோது, அவருக்குத்தான் கிடைத்தது.

என் மகள் எடுத்தது 'டாக் மேன்'. நாய்த் தலையும் மனித உடம்புமாக ஒரு போலீஸ்காரன், பக்கத்துக்குப் பக்கம் அடிதடி. எனக்கு முகம் சுருங்கியது. "இதெல்லாம் ஒரு புக்கா?" என்றேன். "அத்தை சொல்லியிருக்காங்க, கணக்கு நோட்டுக்குள்ள லயன் காமிக்ஸ் வெச்சுப் படிச்சது யாராம்?" என்றாள் மனைவி. பதில் இல்லை. அதை எழுதிய டேவ் பில்கி, டிஸ்லெக்ஸியாவோடு வளர்ந்தவர். வகுப்பிலிருந்து வராந்தாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே உட்கார்ந்து படக்கதை வரைந்த பையன்.

தேர்வுச் சுதந்திரம் மட்டும் போதுமா என்றால், போதாது. எழுத்தைக் கூட்டி வாசிக்க முறையாகச் சொல்லித்தர வேண்டும். இந்த விஷயத்தில் அமெரிக்காவில் பெரிய சண்டையே நடந்து, பல மாநிலங்கள் சட்டம் மாற்றியிருக்கின்றன. இந்த டீச்சரும் தினமும் காலையில் ஒலி, எழுத்து, ஸ்பெல்லிங் என்று அரை மணி நேரம் எல்லாருக்கும் நடத்துகிறார். அது முடிந்த பிறகுதான் அலமாரி.

ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற பேராசிரியர் 1990-இல் ஒரு கட்டுரை எழுதினார். புத்தகம் பிள்ளைக்கு ஜன்னலாகவும் இருக்க வேண்டும், தன் முகம் தெரியும் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும் என்றார். அதைப் படித்த உற்சாகத்தில், புடவை கட்டிய பாட்டி வருகிற ஒரு படப்புத்தகம் வாங்கிவந்தேன். மகள் ஒரே மூச்சில் பார்த்து முடித்தாள். "பாட்டி நல்லாருக்காங்கப்பா. டாக் மேன் அடுத்த புக் எடுக்கலாமா?" கண்ணாடி பார்ப்பதும் அவள் இஷ்டம் போலிருக்கிறது.

சனிக்கிழமைகளில் நான் தமிழ்ப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பில் ஒரே பாடநூல். ஆளுக்கு ஒரு பத்தி சத்தமாக வாசிக்க வேண்டும். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் தன் முறை வரும்போதெல்லாம் பாத்ரூம் கேட்பான். ஆறு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. லெவல் கூடையே இல்லாமல் அந்த வேலையை நானே செய்துகொண்டிருந்தேன்.

பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். இருபது கதைகளை, லெவல் எண்ணை மறைத்து, பிரிண்ட் எடுத்து மேஜையில் பரப்பினேன். அந்தப் பையன் எடுத்தது இருப்பதிலேயே எளிதானது, பக்கத்துக்கு ஒரு வரி. மூன்று தடவை படித்தான். அந்த வார இறுதியில் கோயம்புத்தூரில் இருக்கும் பாட்டிக்கு வீடியோ காலில் வாசித்துக் காட்டினானாம். பாடநூலில் இரண்டு பாடம் பின்தங்கிவிட்டோம், மே மாதம் தேர்வு இருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை.

போன சனிக்கிழமை அவன் பாத்ரூம் கேட்கவில்லை. "அங்கிள், இதோட பார்ட் டூ இருக்கா?" என்றான். தேடிப் பார்த்தேன், இல்லை. இரண்டாம் பாகத்தை நாமே எழுதலாமா என்று இந்த வாரம் கேட்கப்போகிறேன்.