மால்வாவில் மழை ஓய்ந்தால்...

இந்தூர், தேவாஸ், உஜ்ஜைன் பகுதிகளில் வசிக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குச் சோயா என்றால் எண்ணெய் பாக்கெட்டும், குருமாவில் போடும் சோயா உருண்டையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் நகர எல்லையைத் தாண்டினால், ஜூலை முதல் செப்டம்பர் வரை சாலையின் இருபுறமும் பச்சைப் பசேலென்று தெரிவது அந்தச் சோயாதான். 'பீலா சோனா', அதாவது மஞ்சள் தங்கம் என்பார்கள் இவ்வூர் விவசாயிகள்.

இது இங்கே பரம்பரைப் பயிர் அல்ல. 1970-களுக்கு முன் மால்வாவின் கரிசல் நிலங்கள் பலவற்றை மழைக்காலத்தில் தரிசாகவே விட்டுவைப்பார்கள். மண்ணில் தங்கிய ஈரத்தைக் கொண்டு பிறகு கோதுமையோ கொண்டைக்கடலையோ விதைப்பார்கள். அந்தத் தரிசுக் காலத்தைத்தான் சோயா பிடித்துக்கொண்டது. 1987-ல் இந்தூரிலேயே சோயாவுக்கென்று தேசிய ஆராய்ச்சி மையமும் அமைந்தது.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் பிறந்தவன். இங்கே வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் வேலை பார்த்தவன். ஒரே கிராமம், ஒரே மழை, ஒரே விதை. ஆனாலும் ஒருவர் கடனை அடைப்பார், பக்கத்து நிலத்துக்காரர் தவணை கேட்பார். காரணம் பெரும்பாலும் மண்ணின் ஆழத்தில் இருந்தது.

கரிசல் ஈரம் காக்கும் என்பது உண்மை. ஒரு மீட்டர் ஆழமுள்ள நல்ல கரிசலில், பயிர் எடுத்துக்கொள்ளக் கூடிய நீர் சுமார் 200 மில்லிமீட்டர் தங்கும். மேட்டு நிலத்தில் ஒரு அடிக்குக் கீழே பாறைப் பருக்கை வந்துவிட்டால், 50, 60 மில்லிமீட்டருக்கு மேல் தேறாது. பூத்துக் காய்க்கும் சோயா நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீர் குடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மேட்டு நிலத்தின் கையிருப்பு பத்துப் பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும்.

2023 ஆகஸ்டில் இதைக் கண்ணால் கண்டேன். 1901-க்குப் பிறகு இந்தியாவில் அவ்வளவு குறைவாக மழை பெய்த ஆகஸ்ட் வேறில்லை. எனக்குப் பல வருஷப் பழக்கமான ஒரு விவசாயி, மகளின் கல்லூரிக் கட்டணத்தை அந்த விளைச்சலை நம்பி வைத்திருந்தார். "பாபுஜி, கீழ் நிலம் தாங்கும், மேட்டு நிலம் போச்சு" என்றார். மேட்டு நிலத்தில் பூ உதிர்ந்து, பிடித்த காயும் சப்பையாக நின்றது. செப்டம்பரில் மழை கொட்டியும் அந்தக் காய் தேறவில்லை. இளம்பயிர் ஒரு வாரம் வாடினால் மழை கண்டதும் நிமிர்ந்துகொள்ளும். மணி பிடிக்கும் நேரத்தில் வாடினால் ஈடு செய்ய முடியாது. கீழ் நிலத்து விளைச்சலில் கட்டணத்தைக் கட்டினார். விதைக் கடன் மறு வருஷத்துக்குத் தள்ளிப்போனது.

ஆழமான கரிசலுக்கும் ஒரு குணம் உண்டு. காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பு வழியே ஈரம் போகும், வேரும் அறும். அதனால் விரிசல் விழுமுன்பே தண்ணீர் கட்டச் சொல்கிறார்கள் விஞ்ஞானிகள். கிணறு இல்லாதவர்கள் மாடு பூட்டி 'டோரா' ஓட்டி மேல்மண்ணைக் கிளறி விடுவார்கள். களையும் போகும், ஈரமும் நிற்கும். மேட்டுப் பாத்தியில் விதைத்து இடையே சால் விட்டால், அடைமழையில் நீர் வடியும், வறட்சியில் சாலில் தேங்கியது உதவும். சுமார் 100 மில்லிமீட்டர் மழை பெய்த பிறகே விதைப்பதும், ஒரே ரகத்தை நம்பாமல் வெவ்வேறு வயதுள்ள ரகங்களைப் போடுவதும் நல்ல காப்பு. எல்லாம் ஒரே வாரத்தில் பூக்காது அல்லவா?

நம் விவசாயியும் மறு வருஷம் மேட்டு நிலத்தில் குறுகிய வயதுச் சோயாவைப் போட்டார்.

ஆகஸ்டில் நான்கு நாள் வெயில் அடித்தால் நம் வீட்டில் துணி காய்ந்ததென்று சந்தோஷப்படுகிறோம். எட்டாவது நாளும் வானம் வெளுத்திருந்தால், பால்காரரிடமோ காய்கறிக்காரரிடமோ "ஊரில் பயிர் எப்படி?" என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். அவர்களில் பலருக்கும் எங்கோ ஒரு மேட்டு நிலம் இருக்கும்.